குண்டு பட்டு தப்பிய புலிதான் ஆபத்து! ஆட்கொல்லிகளை வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன்

போடி:
போடிமெட்டு, குரங்கணி, கொட்டகுடி பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு காட்டுமாடும் மிளாவும் புதுசு இல்லை. யானை வந்தால் ஜீப்பை நிறுத்திவிட்டு காத்திருப்பார்கள். இந்த மாதிரி காடுகளில் எந்த விலங்குக்கு எந்த தோட்டா என்று கணக்குப் பார்த்து வேட்டையாடியவர் கென்னத் ஆண்டர்சன்.

6 தலைமுறையாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளி குடும்பத்தில் 1910-ம் ஆண்டு பிறந்தவர் இவர். பெங்களூரில் விமானத் தொழிற்சாலையில் வேலை. லீவு கிடைத்தால் போதும், துப்பாக்கியோடு ஓசூர், அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளுக்கு கிளம்பி விடுவார். தமிழும் கன்னடமும் பேசுவார். காட்டுவாசிகளோடு சேர்ந்துதான் தடம் பார்க்கப் பழகினார்.

42 பேர் பலி

ஓசூர் பகுதியில் கும்மளாபுரம் சிறுத்தை 42 பேரைக் கொன்றது. ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தது. அந்த சிறுத்தையை சுட்டு வீழ்த்தியவர் ஆண்டர்சன். 1939 முதல் 1966 வரை 8 ஆட்கொல்லி சிறுத்தைகளையும் 7 புலிகளையும் அவர் சுட்டதாக அரசு பதிவுகளில் இருப்பதாக சொல்லப்படுகிறது.

.405 தோட்டா

அவர் கையில் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல் துப்பாக்கி. அதில் போடும் .405 தோட்டாவின் குண்டு எடை 300 கிரெயின், அதாவது சுமார் 19 கிராம். வேகம் வினாடிக்கு சுமார் 670 மீட்டர். அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் 1909-ல் ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்கு இதே ரகத்தைத்தான் கொண்டு போனார்.

கனமான குண்டு என்பதால் கிட்டத்தில் அடி பலமாக விழும். தூரம் போகப்போக குண்டு தாழ்ந்து விடும். ராத்திரி பரணில் உட்கார்ந்து, துப்பாக்கியில் டார்ச் லைட்டைக் கட்டி, பக்கத்தில் வரும் புலியை சுட இது சரியான ஜோடி.

புலி, சிறுத்தைக்கு உடம்புக்குள் போய் விரியும் மென்முனை குண்டு வேண்டும். யானைக்கு அது உதவாது. மண்டை எலும்பைத் துளைக்க விரியாத கெட்டிக் குண்டுதான் சரி. 800 கிலோவையும் தாண்டும் காட்டுமாட்டை சின்ன தோட்டாவால் சுட்டால் சாகாது. ரத்தம் சொட்ட ஓடும். எவ்வளவு பெரிய தோட்டாவாக இருந்தாலும், குறி தப்பினால் அதே கதிதான்.

மனுஷன் செய்த தப்பு

குண்டடி பட்டு தப்பிய புலி, மானைத் துரத்த முடியாமல் மனுஷனைப் பிடிக்க ஆரம்பிக்கும். ஆட்கொல்லிகள் பலவும் இப்படி உருவானவைதான் என்பதை ஆண்டர்சன் தன் புத்தகங்களில் திரும்பத் திரும்ப காட்டினார். அரைகுறையாக சுட்டுவிட்டு ஒருத்தர் போய் விடுவார். உயிரை விடுவது விறகு பொறுக்கப் போன கிராமத்து ஜனங்கள். அதனால்தான் காயம்பட்ட விலங்கை விடாமல் தேடிப்போய் முடிப்பதை அவர் கடமையாக வைத்திருந்தார்.

வயசாக ஆக துப்பாக்கியைக் குறைத்து கேமராவை எடுத்தார். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2 வருடம் கழித்து, 1974-ல் பெங்களூரில் காலமானார்.

இன்று போடி மலைச்சரிவில் நாட்டுத் துப்பாக்கியோடு போனால் ஜெயில்தான். 2023-ல் போடிமெட்டுக்கு மேலே சின்னக்கானலில் அட்டகாசம் செய்த அரிக்கொம்பன் யானை மீது பாய்ந்தது தோட்டா அல்ல, மயக்க ஊசி. பிறகு கம்பம் ஊருக்குள் புகுந்தபோதும் மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். அந்த மருந்தையும் யானையின் எடையைக் கணித்துத்தான் போட வேண்டும். குறைந்தால் ஆளுக்கு ஆபத்து, கூடினால் யானைக்கு ஆபத்து. துப்பாக்கி மாறினாலும் கணக்கு மாறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.