பழைய கருவி, புதிய பாடல்

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டை நாம் அறிவோம். சம்புவராயர்களின் தலைநகராக விளங்கிய அவ்வூரில் மண்மூடிக் கிடந்த பழங்கட்டடங்கள் பல, கடந்த சில பத்தாண்டுகளில் மீட்டெடுக்கப்பட்டுள்ளன. மீட்டெடுத்ததைக் காட்சிப்பொருளாக வைப்பதா, வாழ்வில் மீண்டும் பயன்படுத்துவதா என்ற கேள்வி இத்தகைய இடங்களில் எழுவது இயல்பு. இசையுலகில் இக்கேள்விக்குத் தம் உழைப்பால் விடை தந்தவர் மனுவேல் தெ ஃபாயா.

ஸ்பெயின் நாட்டின் காதிஸ் துறைமுக நகரில் 1876ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் இவர் பிறந்தார். தாயே இவருக்கு முதல் பியானோ ஆசிரியர். 1907 முதல் 1914 வரை பாரிசில் வாழ்ந்தார். பின்பு தாயகம் திரும்பி, கிரனாடா நகரில் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு அருகே ஒரு சிறிய வீட்டில் தம் சகோதரியுடன் குடியேறினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. செபமும் எளிமையும் அவரது அன்றாட வாழ்வாக இருந்தன.

அக்காலத்தில் ஹார்ப்சிகார்டு என்னும் இசைக்கருவி ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கும். ஹார்ப்சிகார்டிலோ இறகுத்தண்டு போன்ற ஒரு முனை தந்தியை மீட்டும். வீணையை விரல் மீட்டுவதுபோல என்று சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பியானோ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நூறு ஆண்டுகளுக்குப் பின் பாரிசின் பிளேயெல் நிறுவனம் இக்கருவியை மீண்டும் உருவாக்கத் தொடங்கியது. போலந்து நாட்டுக் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்காவுக்காக 1912இல் பெரிய ஹார்ப்சிகார்டு ஒன்றையும் செய்தளித்தது. அவர் அதில் பாக் முதலிய பழைய மேதைகளின் இசையை வாசித்து உலகை வியக்க வைத்தார். ஆனால் அக்கருவிக்கென்று புதிதாக இசை எழுதுவோர் அரிதாகவே இருந்தனர்.

ஃபாயா எழுதினார். 1923இல் அரங்கேறிய தம் பொம்மலாட்ட இசை நாடகத்தில் ஹார்ப்சிகார்டைச் சேர்த்தார். பாரிஸ் அரங்கேற்றத்தில் லாண்டோவ்ஸ்காவே அதை வாசித்தார். அவருக்காக ஃபாயா எழுதத் தொடங்கிய கான்செர்ட்டோ முடிய மூன்று ஆண்டுகள் ஆயின. ஹார்ப்சிகார்டுடன் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், வயலின், செல்லோ ஆகிய ஐந்து கருவிகள் மட்டுமே அதில் உண்டு. முழுவதையும் கால் மணி நேரத்திற்குள் வாசித்துவிடலாம். அந்தச் சில நிமிடங்களுக்கு மூன்று ஆண்டு உழைப்பு!

முதல் பகுதியில் 16ஆம் நூற்றாண்டு ஸ்பானியப் பாடல் ஒன்றின் மெட்டு ஒலிக்கிறது. நடுப்பகுதி ஆலயப் பவனியை நினைவூட்டும் கம்பீரமான இசை. அதன் முடிவில் ஆண்டவரின் 1926ஆம் ஆண்டு, கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா அன்று என்று இலத்தீனில் குறித்து வைத்தார். தம் உழைப்பைக் காணிக்கையாக்கிய ஒருவரின் கையெழுத்து அது.

1926 நவம்பர் 5இல் பார்சலோனாவில் நடந்த அரங்கேற்றம் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. ஃபாயா மனம் தளரவில்லை. தாமே வாசிக்கப் பயின்று, 1930இல் பாரிசில் இசைத்தட்டாகப் பதிவு செய்தார். அப்பதிவை இன்றும் நாம் கேட்க முடியும்.

அவரது நம்பிக்கை இசையோடு நின்றுவிடவில்லை. 1931இல் ஆலயங்கள் தீக்கிரையானபோது வேதனைப்பட்டார். 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போரின்போது, நண்பரான கவிஞர் லோர்க்கா கைது செய்யப்பட்டார். உடல்நலம் குன்றியிருந்தும் அவருக்காகப் பரிந்து பேச ஃபாயா அதிகாரிகளிடம் சென்றார். காலம் கடந்துவிட்டது என்ற பதிலே கிடைத்தது. 1939இல் அர்ஜென்டினா சென்றவர், 1946 நவம்பர் 14இல் அங்கேயே இறந்தார். அவரது உடல் காதிஸ் பேராலயத்தின் நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

முன்னோரிடமிருந்து நாமும் பலவற்றைப் பெற்றிருக்கிறோம்: பழைய செபங்கள், பாடல்கள், பவனிகள். அவற்றைத் தூசி தட்டிப் பாதுகாப்பது நல்லது. ஆனால் அது மட்டும் போதுமா? ஃபாயா பழைய கருவிக்கு நம் காலத்தின் மூச்சைக் கொடுத்தார். நாம் பெற்ற நம்பிக்கையும் அண்டை வீட்டாரின் துயரில் நாம் எடுத்துவைக்கும் ஓர் அடியில்தான் புதிய பாடலாகிறது. அந்தப் பாடல் நம்மிடம் உண்டா? சிந்திப்போம்.