குரலை இழந்தும் பேசிய நடிகர்

மனிதனுக்குக் கிடைத்த செல்வங்களுள் பேச்சு தலைசிறந்தது. அது நம்மிடம் உள்ளவரை அதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குரலாலேயே புகழும் பிழைப்பும் பெற்ற ஒருவருக்கு அக்குரல் ஒரே நாளில் பறிபோனால் அவர் என்ன செய்வார்? ஆங்கில நடிகர் ஜாக் ஹாக்கின்ஸின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகிறது.

1959ஆம் ஆண்டில் வெளிவந்த பென்ஹர் திரைப்படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். கடலில் தத்தளிக்கும் ரோமானியத் தளபதி ஒருவரைப் பென்ஹர் காப்பாற்றுவான். நன்றி மறவாத அத்தளபதி அவனைத் தம் மகனாகவே ஏற்றுக்கொள்வார். அத்தளபதியாக நடித்தவர்தான் ஹாக்கின்ஸ்.

அவர் 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். பதின்மூன்றாம் வயதிலேயே நாடக மேடை ஏறினார். பதினெட்டு வயதில் நியூயார்க் நகர மேடையிலும் நடித்தார். இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தார். போர்வீரர்களுக்காக நாடகங்களும் கலைநிகழ்ச்சிகளும் நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாறு நடிக்க வந்த கலைஞர்களுள் ஒருவரான டொரீன் லாரன்ஸ் என்னும் நங்கையை இங்கேதான் சந்தித்தார். 1947இல் இருவரும் மணம் செய்துகொண்டனர். மூன்று மக்களைப் பெற்று வளர்த்தனர்.

போருக்குப் பின் ஹாக்கின்ஸின் புகழ் ஓங்கியது. 1953இல் ஒரு படத்தில் போர்க்கப்பல் தலைவராக நடித்தார். இலங்கையில் படமாக்கப்பட்ட குவாய் நதிப் பாலம் 1957இலும், லாரன்ஸ் ஆஃப் அரேபியா 1962இலும் வெளிவந்தன. இராணுவ அதிகாரி என்றால் ஹாக்கின்ஸ்தான் என்று சொல்லும்படி ஆயிற்று. அதற்குக் காரணம் அவருடைய கம்பீரமான, ஆழ்ந்த குரல்.

ஆனால் அவரிடம் ஒரு தீய பழக்கம் இருந்தது. நாள்தோறும் மூன்று பாக்கெட் சிகரெட் புகைத்து வந்தார். 1959இலேயே தொண்டையில் கோளாறு தோன்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றார். 1965ஆம் ஆண்டின் இறுதியில் அது புற்றுநோய் என்பது உறுதியாயிற்று. உயிரைக் காக்க ஒரே வழிதான் இருந்தது. 1966 ஜனவரியில் மருத்துவர்கள் அவருடைய குரல்வளையை முழுவதுமாக அகற்றினர்.

குரல்வளையை எடுத்துவிட்டால் மூச்சுக் காற்று வாய்க்கு வராது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் ஏற்படுத்தப்படும் துளை வழியாகவே உள்ளே சென்று வெளியே வரும். மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கவும் இயலாது. வாய்விட்டுச் சிரித்தாலும் ஒலி எழாது. நாவும் உதடும் நன்றாக இருக்கும். அவற்றுக்கு ஒலி கொடுக்கத்தான் ஒன்றும் இராது.

ஆயினும் பேச ஒரு வழி உண்டு. வாயிலுள்ள காற்றைச் சிறிது உணவுக்குழாய்க்குள் இறக்கி, ஏப்பம் விடுவதுபோல் உடனே மேலே கொண்டுவர வேண்டும். அப்போது குழாயின் மேற்பகுதி அதிர்ந்து ஒலி பிறக்கும். அந்த ஒலியை நாவும் உதடும் சொல்லாக்கும். முதலில் ஓரெழுத்து, பிறகு ஒரு சொல், அதன் பிறகே வாக்கியம். ஐம்பத்தைந்து வயதான ஹாக்கின்ஸ், மழலை பேசும் குழந்தையைப் போல் இதைத் தொடக்கத்திலிருந்து கற்றுக்கொண்டார். முன்பிருந்த மணிக்குரல் திரும்பவில்லை. கரகரத்த ஒலியே கிடைத்தது. ஆனாலும் பேசினார்.

இப்பயிற்சியைத் தனியாகச் செய்து வெற்றி காண்பது கடினம். பேசிப் பழகுபவருக்குக் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். அவர் ஒரு சொல்லைத் தேடித் திணறும்போது முகம் சுளிக்காமல், அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். ஹாக்கின்ஸுக்கு மனைவியும் மக்களும் இருந்தனர். நண்பர்களும் அவரைக் கைவிடவில்லை. குரல் போய்விட்டதே, இனி இவர் எதற்கு என்று திரையுலகம் அவரை ஒதுக்கிவிடவில்லை. அவர் காமிராவின் முன் நின்று உதடசைத்து நடிப்பார். சார்லஸ் கிரே, ராபர்ட் ரீட்டி என்னும் நடிகர்கள் பின்னர் அவ்வுதடசைவுக்கு ஏற்பத் தங்கள் குரலைக் கொடுப்பர். தம் பெயர் மறைந்திருக்க, மற்றொருவர் வாழத் தம் குரலை அளிப்பதும் ஒரு கொடையல்லவா?

இவ்வாறு ஏழாண்டுகள் அவர் தொடர்ந்து நடித்தார். வாட்டர்லூ, யங் வின்ஸ்டன் ஆகிய படங்களில் அவரைக் காணலாம். நம் மாணவியர் கதையாகப் படித்திருக்கும் ஜேன் அயர் 1970இல் படமானபோது, அநாதைப் பள்ளியின் கல்நெஞ்சத் தலைவராக வந்தவரும் அவரே.

இயல்பாகப் பேச வேண்டும் என்ற ஆவல் அவரை விடவில்லை. 1973இல் செயற்கைக் குரல் கருவி பொருத்தும் புதிய சிகிச்சைக்கு உட்பட்டார். அதன் பின் இரத்தப்போக்கு ஏற்பட்டு, அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் தம் 62ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்து சில ஆண்டுகளுக்குள், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே சிறு வால்வு பொருத்திப் பேசவைக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. இன்று உலகெங்கும் பலர் அதனால் பேசுகின்றனர்.

அன்பு மாணவியரே, அவருடைய வாழ்வில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. முதலாவது, புகையிலையின் கொடுமை. உங்கள் இல்லத்தில் யாரேனும் புகைபிடித்தால் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். மகளின் சொல்லுக்குத் தந்தை செவிசாய்ப்பார். இரண்டாவது, பொறுமையோடு கேட்பது. நோயினாலோ முதுமையினாலோ பேச்சுத் தடுமாறும் ஒருவர் உங்கள் தெருவில் இருக்கலாம். உங்கள் வீட்டிலேயே தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம். அவர் சொல்ல வருவதை நீங்களே முடித்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். அறுவைச் சிகிச்சை மருத்துவரின் வேலை. அதன் பின் பேச்சு மீண்டும் மலர்வதற்குச் செவிகொடுத்துக் கேட்பது நம் வேலை.