நண்பனுக்குப் போட்ட இரண்டு கையெழுத்து!

1790-ம் ஆண்டு டிசம்பர் மாதம் பாரிஸ் நகரில் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை காமில் தெமூலன், பத்திரிகை ஆசிரியர். அவருடைய பள்ளித் தோழர் ஒருவர், கல்யாணத்துக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். அவர்தான் ராபஸ்பியர்.

ஏழை வக்கீல்

ராபஸ்பியர் 1758-ல் பிரான்சு நாட்டில் ஆராஸ் என்ற ஊரில் பிறந்தார். 6 வயதில் தாயை இழந்தார். தகப்பனார் பிள்ளைகளைக் கைவிட்டுப் போய்விட்டார். தாத்தா வளர்த்தார். உதவிச் சம்பளம் பெற்றுப் பாரிசில் படித்த ராபஸ்பியர், வக்கீல் ஆனார். ஏழைகளுக்காக வாதாடினார்.

ரொட்டி விலை

அப்போது பிரான்சை ஆண்டவர் மன்னர் 16-ம் லூயி. போர்ச் செலவால் கஜானா காலியாக இருந்தது. பிரபுக்களும் மத குருக்களும் பல வரிகளைக் கட்டுவதே இல்லை. சுமை எல்லாம் குடியானவர் தலையில் விழுந்தது. 1788-ல் விளைச்சல் கெட்டது. ரொட்டி விலை ஏறியது. கூலியில் பெரும் பகுதி ரொட்டிக்கே போயிற்று.

பசி பொறுக்குமா? 1789 ஜூலை 14-ந் தேதி மக்கள் பாஸ்டில் சிறைக் கோட்டையைப் பிடித்தார்கள். புரட்சி வெடித்தது!

அந்த ஆண்டே ராபஸ்பியர் மக்கள் பிரதிநிதி ஆனார். லஞ்சம் வாங்காதவர் என்று பெயர் எடுத்தார். தச்சர் ஒருவர் வீட்டில் எளிமையாகக் குடியிருந்தார். 1791-ல், மரண தண்டனையை ஒழிக்க வேண்டும் என்று சபையில் வாதாடினார். சபை ஏற்கவில்லை.

பயம் பிடித்தது

1792-ல் போர் மூண்டது. அந்நியப் படைகள் நுழைந்தன. உள்நாட்டிலும் கலகம் கிளம்பியது. யாரைப் பார்த்தாலும் துரோகியோ என்ற பயம். மரண தண்டனை கூடாது என்றவரே, மன்னர் சாக வேண்டும் என்றார். 1793 ஜனவரி 21-ந் தேதி, கில்லட்டின் என்ற எந்திரம் மன்னர் தலையை வெட்டியது.

அதோடு நின்றதா? இல்லை. நாடு முழுவதும் சுமார் 17,000 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. கொலை போதும், இரக்கம் காட்டுங்கள் என்று காமில் எழுதினார். அவரைக் கைது செய்ய உத்தரவு தயாரானது. அதில் ராபஸ்பியர் கையெழுத்துப் போட்டார்! 1794 ஏப்ரல் 5-ந் தேதி காமில் தலை உருண்டது. 8 நாள் கழித்து, அவர் மனைவி லூசிலும் அதே எந்திரத்துக்குப் பலியானார்.

ஜூன் மாதம் புதிய சட்டம் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. வக்கீலாக வாழ்ந்தவர் ஆதரித்த சட்டம் இது!

முடிவு

அடுத்த தலை யாருடையதோ என்று சபையினர் நடுங்கினர். அந்தப் பயத்திலேயே ஒன்று சேர்ந்து ராபஸ்பியரைப் பிடித்தார்கள். ஜூலை 28-ந் தேதி, விசாரணையே இல்லாமல் அவர் தலையும் வெட்டப்பட்டது. வயது 36.

பின்னர் தளபதி நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார். 1804-ல் சக்கரவர்த்தி ஆனார். மன்னரை ஒழித்த நாட்டில் மறுபடியும் மணிமுடி! ஆனாலும் பிரபுக்களின் பழைய வரிச்சலுகை திரும்பவே இல்லை. குடியானவர் முதுகு சற்று நிமிர்ந்தது.

ராபஸ்பியர் 1791-ல் கேட்டபடி, பிரான்சில் மரண தண்டனை ஒழிந்தது 1981-ல்தான். இடையில் 190 ஆண்டுகள் ஓடிவிட்டன.