பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த யெர்சின்: வயிற்றுவலி பாக்டீரியா கொள்ளைநோயாக மாறியது எப்படி?

கொரோனாவுக்கு முன்பு, இந்தியாவை உலுக்கிய பெருந்தொற்றுகளில் முக்கியமானது பிளேக். 1896ல் பம்பாயில் தொடங்கிய அந்த நோய், அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தது. அந்தக் கிருமியின் பெயர் யெர்சினியா பெஸ்டிஸ். இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்தான் அலெக்சாண்டர் யெர்சின்.

யார் இந்த யெர்சின்?

1863ல் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு சில வாரங்களுக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். மருத்துவம் படிக்க பாரிஸ் போனவர், 1886ல் லூயி பாஸ்டரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். தொண்டை அடைப்பான் நோயில் உயிரைக் குடிப்பது கிருமி சுரக்கும் நஞ்சுதான் என்பதை, எமில் ரூவுடன் சேர்ந்து 1888ல் நிரூபித்தார். அப்போது அவருக்கு வயது 25.

இப்படி ஒரு பேர் கிடைத்தால் யாராக இருந்தாலும் பாரிஸிலேயே செட்டில் ஆகியிருப்பார்கள். யெர்சினோ 1890ல் கப்பல் டாக்டராக வியட்நாம் பக்கம் கிளம்பிவிட்டார். மலை, காடு என்று சுற்றி வரைபடம் தயாரித்தார்.

ஹாங்காங்கில் நடந்தது என்ன?

1894ல் ஹாங்காங்கில் பிளேக் பரவியது. ஜூன் 15ம் தேதி யெர்சின் அங்கு போய்ச் சேர்ந்தார். ஆனால் ஜப்பானின் புகழ்பெற்ற விஞ்ஞானி கிடாசாட்டோ, தன் குழுவுடன் மூன்று நாள் முன்பே வந்து ஆய்வைத் தொடங்கியிருந்தார். ஆங்கிலேய அதிகாரிகளின் ஆதரவும் அவருக்கே. யெர்சினுக்கு ஆய்வு செய்ய உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. ஓலைக் குடிசை ஒன்றையே ஆய்வகமாக்கினார். சடலங்களை அடக்கம் செய்யும் மாலுமிகளுக்குக் காசு கொடுத்து பிணவறைக்குள் நுழைந்தார். இறந்தவர்களின் உடலில் நெறி கட்டியிருந்த வீக்கத்திலிருந்து மாதிரி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். கிருமி சிக்கியது. தெருவில் செத்துக் கிடந்த எலிகளிலும் அதே கிருமி இருந்தது. கிடாசாட்டோவின் மாதிரியில் வேறு பாக்டீரியாவும் கலந்திருந்ததாகக் கருதப்படுவதால், முதன்மையான பெருமை யெர்சினுக்கே போனது.

1897ல், தான் தயாரித்த சீரம் மருந்துடன் பம்பாய்க்கும் வந்தார். ஆனால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் வந்த பால் லூயி சிமோன்தான், எலியின் உடலில் இருக்கும் தெள்ளுப்பூச்சி வழியாக நோய் பரவுவதை 1898ல் கராச்சியில் கண்டறிந்தார்.

சரி, பிளாஸ்மிட் எங்கே வருகிறது?

யெர்சினுக்குக் கிடைக்காத விடை ஒன்று உண்டு. இந்தக் கிருமி ஏன் இவ்வளவு கொடூரமானது? அதற்குக் காரணம் பிளாஸ்மிட். பாக்டீரியாவுக்குள், அதன் முக்கிய மரபணுத் தொகுதிக்கு வெளியே தனியாக இருக்கும் குட்டி டி.என்.ஏ. வளையம் இது. இந்தப் பெயரே 1952ல்தான் வைக்கப்பட்டது.

பிளேக் கிருமியின் மூதாதை, வயிற்றுவலியும் காய்ச்சலும் தரும் ஒரு குடல் பாக்டீரியா. அதனிடம் ஏற்கெனவே ஒரு நோயூட்டும் பிளாஸ்மிட் இருந்தது. நம் நோய் எதிர்ப்பு செல்களுக்குள் நஞ்சுப் புரதங்களைச் செலுத்தும் 'ஊசி'யைத் தயாரிப்பது அதுதான். இந்த பிளாஸ்மிட்டை நீக்கிவிட்டால், சுண்டெலிகளின் கல்லீரல், மண்ணீரலில் அந்த பாக்டீரியாவால் தாக்குப்பிடித்துப் பெருக முடிவதில்லை. எலிக்குள் நுழைந்ததும் பாக்டீரியா இந்த பிளாஸ்மிட்டை கூடுதல் நகல் எடுத்துக்கொள்கிறது என்பதை 2016ல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் காட்டினர். நகல் கூடக் கூட ஊசிகளும் கூடும்.

சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, இதனுடன் மேலும் இரண்டு பிளாஸ்மிட்கள் சேர்ந்தன. ஒன்று, தெள்ளுப்பூச்சியின் வயிற்றுக்குள் கிருமி உயிர்வாழ உதவுகிறது. இன்னொன்று, பூச்சி கடித்த இடத்திலிருந்து உடல் முழுக்கப் பரவ வழி செய்கிறது. குடல் கிருமி கொள்ளைநோயாக மாறியதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்றும் ஆபத்து இருக்கிறதா?

சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக் மூலம் பிளேக்கைக் குணப்படுத்திவிடலாம். ஆனால் 1995ல் மடகாஸ்கரில் ஒரு நோயாளியிடம் கிடைத்த பிளேக் கிருமி, பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்கவில்லை. அந்தத் திறனைக் கொடுத்ததும் ஒரு பிளாஸ்மிட்தான். ஒரு பாக்டீரியாவிடமிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது அது. பிளாஸ்மிட்களை விஞ்ஞானிகள் உன்னிப்பாகக் கவனிப்பது இதனால்தான்.

யெர்சின் கடைசி வரை வியட்நாமின் நா ட்ராங் நகரில்தான் வாழ்ந்தார். ரப்பர் பயிரிட்டார். மலேரியா மருந்துக்காக சின்கோனா மரம் வளர்த்தார். ஹனோய் மருத்துவக் கல்லூரியின் முதல் தலைவராகவும் இருந்தார். 1943 மார்ச் 1ம் தேதி காலமானார். மறு ஆண்டே கிருமிக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சிக்கால அடையாளங்கள் பல மறைந்த பிறகும், வியட்நாமில் யெர்சின் பெயரில் தெருக்கள் இன்றும் இருக்கின்றன.