எல்லோரும் பாடப் பாடியவர்
மாயூரம் வேதநாயகம் பிள்ளை

ஜூபிலி விழாவில் முன்னோரை நினைப்பது நம் வழக்கம். கோவிலுக்குக் கல் சுமந்தவர்களையும், மறைக்கல்வி புகட்டியவர்களையும், பீடத்தருகே நின்று பாடியவர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். அந்த வரிசையில், நம் பங்கைச் சேராதவராயினும் நம் திருச்சபையைச் சேர்ந்த ஓர் இசைப் புலவரையும் நினைப்பது பொருத்தமாகும். அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

அவர் வாழ்ந்த ஊர்கள் நமக்குத் தொலைவானவை அல்ல. குடிகாட்டிலிருந்து தெற்கே சென்று, சிதம்பரத்தைத் தாண்டிக் கொள்ளிடத்தைக் கடந்தால் சீர்காழி. அதற்கு அப்பால் மாயூரம், இன்றைய மயிலாடுதுறை. இந்த மண்ணில்தான் அவர் நீதி வழங்கினார். இந்த மண்ணில்தான் பாடினார்.

திருச்சிராப்பள்ளிச் சீமையில் குளத்தூர் என்னும் ஊரில், 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்றுத் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்தார், பின் மொழிபெயர்ப்பாளரானார். முப்பது வயதையொட்டி முன்சீப் பதவி வந்தது. தரங்கம்பாடி, சீர்காழி ஆகிய ஊர்களில் பணியாற்றியபின், மாயூரத்தில் பல்லாண்டுகள் நீதிபதியாக வீற்றிருந்தார். ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

வழக்காட வந்த ஏழைக்குத் தன் தலைவிதியை எழுதும் தீர்ப்பு புரியாத காலம் அது. சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. துன்பமோ தமிழில் இருந்தது. இதைக் கண்டு வருந்திய பிள்ளையவர்கள், 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கி, 1862-இல் 'சித்தாந்த சங்கிரகம்' என்று வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1859-இல், 'நீதிநூல்' வெளிவந்திருந்தது. 1879-இல் அவர் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

ஆனால் நாம் இங்கு சொல்ல வந்தது அவருடைய இசையைப் பற்றி. 1878-இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்தது. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கர்நாடக சங்கீத முறைப்படி அமைந்த பாடல்கள், ஏறத்தாழ 200. இறைவனின் கருணையைப் பாடினார், நிலையாமையைப் பாடினார், குடும்பச் சச்சரவையும் பாடினார். லஞ்சம் வாங்கும் அதிகாரிகளையும் விடவில்லை. நீதிபீடத்தில் இருந்து அனைத்தையும் கண்ட ஒருவர் தம் இனத்தாரையே கண்டித்துப் பாடுவதென்றால், முதலில் தம் கை சுத்தமாக இருக்க வேண்டும். அவர் கை சுத்தமாக இருந்தது.

இந்தக் கீர்த்தனைகளில் எந்தச் சமயத்துக்கும் தனியே உரிய தெய்வப் பெயரை அவர் அமைக்கவில்லை. எல்லாம் வல்ல ஒரே கடவுளை எவரும் எந்த வீட்டிலும் பாடலாம் என்றே அமைத்தார். கத்தோலிக்கர் ஒருவர் இப்படிச் செய்யலாமா என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். விசுவாசம் தளர்ந்ததால் செய்தாரா? இல்லை. தேவமாதா அந்தாதி பாடியவர் அவர். பெரியநாயகியம்மன் பதிகம் பாடியவரும் அவரே. பெரியநாயகி என்றதும் வீரமாமுனிவர் கோவில் எழுப்பிய கோணான்குப்பம் நம் நினைவுக்கு வராமல் இருக்குமோ? தம் வேதத்தில் உறுதியாக நின்றதனால்தான் அயலாரோடு சேர்ந்து பாட அவருக்கு அச்சம் இல்லை. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965-இல். அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர் அந்த வழியில் பாடி வைத்தார்.

அவருடைய நட்பும் அப்படியே. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர்த்தோழர். நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கி அவர் 'குளத்துக்கோவை' இயற்றினார். தில்லை செல்லத் தவித்த நந்தனாரின் கதையைக் கீர்த்தனையாக்கிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் நெருங்கிய நண்பர்.

இந்த நட்புக்கும் பாட்டுக்கும் சோதனைக் காலம் ஒன்று வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். பிள்ளையவர்கள் 1872-லேயே பதவியை விட்டவர். எனினும் கையிலிருந்த பொருளை எண்ணிப் பார்க்கவில்லை. சாதி சமயம் கேளாமல் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கச் செலவிட்டார். அந்தக் கொடையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் போற்றிக் கீர்த்தனை பாடினார். கீர்த்தனை நூல் வெளிவந்ததும் அந்தப் பஞ்சத்தின் நடுவில்தான் என்பதை நாம் மறக்கலாகாது. எல்லோருக்கும் பொதுவான கடவுளைப் பாடிய வாய்க்கு, எல்லோருக்கும் பொதுவான கஞ்சித் தொட்டியே சாட்சியாக நின்றது.

மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றிய அவர், 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது 62.

அவருடைய கீர்த்தனைகள் கச்சேரி மேடையேறின. ஆனால் கேட்டு மகிழ்ந்தவருள் அவர் கத்தோலிக்கர் என்று அறிந்தோர் சிலரே. கத்தோலிக்கராகிய நம்முள் அவர் பாடல் ஒன்றையேனும் அறிந்தோர் அதனினும் சிலரே. இந்தக் குறையை ஜூபிலி ஆண்டிலாவது போக்கலாமே! நம் பாடகர் குழுவினர் அவர் கீர்த்தனை ஒன்றைக் கற்று, விழா நாளில் பாடட்டும். அந்தப் பாட்டைக் கேட்க அண்டை வீட்டாரையும் அழைப்போம். உடன் அமர்ந்து அவர்களும் பாடலாம். அதற்கென்றே அவர் பாடி வைத்திருக்கிறார். பாடி முடித்தபின், அவரைப் போல் பசித்தவரோடு பகிர்ந்துண்போம். அவருக்கு நாம் செலுத்தும் மரியாதை அதுவே.