எட்கர் காட்: அட்டவணைக்கு இலக்கணம் வகுத்தவர்

விடுதியில் ஒரு மாணவன் அறை மாறுகிறான். விடுதி அலுவலகப் பேரேட்டில் புதிய அறை எண் ஏறிவிடுகிறது. உணவுக்கூடத்துக் கணக்கிலோ பழைய எண்ணே நிற்கிறது; நூலகத்திலும் அப்படியே. மூன்று ஏடுகளில் எது மெய், எது பொய்? ஒரே செய்தியை மூன்று இடங்களில் எழுதி வைத்ததால் வந்த வினை இது. இந்தச் சிறு தொல்லையைக் கணித வழியில் ஆராய்ந்து, அதற்கு நிலையான மருந்து கண்டவர் எட்கர் பிராங்க் காட் என்னும் அறிஞர்.

இவர் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள், இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்லாந்து என்ற இடத்தில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் இளையவர். தாயார் பள்ளி ஆசிரியை. ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் பயின்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த காலம். படிப்பை நிறுத்திவிட்டு விமானப் படையில் விமானியாகப் பணியாற்றினார். போர் முடிந்தபின் பட்டம் பெற்று, 1948இல் அமெரிக்கா சென்றார்.

அங்கே 1949இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும் கணிப்பொறிகளின் காலம் அது. 1953இல், செனட்டர் மக்கார்த்தி நடத்திய அரசியல் வேட்டையை வெறுத்து, கனடாவுக்குப் போய்விட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனத்துக்குத் திரும்பினார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து, நாற்பதைக் கடந்த வயதில், 1965இல் டாக்டர் பட்டம் பெற்றார். கல்விக்கு வயது ஒரு தடையா?

அடுத்து அவர் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகர ஆய்வுக்கூடத்துக்குச் சென்றார். அவருடைய பெரும்பணி அங்கேதான் நடந்தது. அந்நாளில் செய்திகளைக் கணிப்பொறியில் மரக்கிளைகளைப் போல அடுக்கி வைத்தனர். அப்பல்லோ நிலவுப் பயணத் திட்டத்துக்காக ஐ.பி.எம். உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்ற அமைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு செய்தியை மாற்ற வேண்டுமானால், நிரல் எழுதுபவர் கிளை கிளையாக இறங்கித் தேட வேண்டும். அடுக்கு முறை சற்று மாறினாலோ, எழுதிய நிரல்கள் பயனற்றுப் போகும்.

காட் அவர்கள் இம்முறையை அடியோடு மாற்ற எண்ணினார். 1970 ஜூனில் வெளியான அவருடைய கட்டுரை, கணிதத்தின் கணக் கோட்பாட்டை அடிப்படையாகக் கொண்டது. எல்லாச் செய்திகளையும் எளிய அட்டவணைகளாக வைத்தால் போதும். ஒவ்வொரு வரிசையையும் அதற்குரிய அடையாள மதிப்பால் அறியலாம். எந்த மூலையில் எப்படிச் சேமிப்பது என்பது பொறியின் கவலை. மனிதன் தனக்கு வேண்டியது எது என்று கூறினால் போதும்.

இதனையடுத்து அட்டவணைகளைச் சீரமைக்கும் விதிகளையும் வகுத்தார். அவற்றின் சாரம் இதுவே: ஒரு செய்திக்கு ஓர் இடம். மாணவனின் அறை எண் ஓர் அட்டவணையில் மட்டும் இருக்கட்டும். உணவுக்கூடமும் நூலகமும் அவனுடைய பதிவெண்ணைக் கொண்டு அங்கே பார்த்துக்கொள்ளட்டும். அப்போது ஒருமுறை திருத்தினால் எங்கும் திருந்தும்.

ஆனால் சொந்த வீட்டில் வரவேற்பு மந்தமாகவே இருந்தது. ஐ.எம்.எஸ். நல்ல வருவாய் தந்துகொண்டிருந்தபோது, அதற்குப் போட்டியான எண்ணத்தை யார் விரும்புவார்? காட் அவர்கள் சளைக்கவில்லை. 1974இல், எதிர்முறையின் தலைவரான சார்லஸ் பாக்மனுடன் அறிஞர் அவையில் நேருக்கு நேர் வாதிட்டார். அதே ஆண்டில் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இரு ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அவருடைய கொள்கையைத் தழுவி ஒரு மொழியை அமைத்தனர். அதுவே பின்னாளில் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்றது.

அம்மொழியில் பழைய வரிசைகளைத் திருத்த மூன்று சொற்கள் போதும். அப்டேட் என்றபின் அட்டவணையின் பெயர். செட் என்றபின் புதிய மதிப்பு. வேர் என்றபின், எந்த வரிசைகளை மாற்ற வேண்டும் என்ற நிபந்தனை. ஒரு வரிசையானாலும் ஓராயிரம் ஆனாலும் ஒரே வாக்கியம். கடைசிச் சொல் நம் காதில் தமிழ் வேராகவே ஒலிக்கிறது. வாக்கியத்துக்கும் அதுவே வேர். அதை விட்டுவிட்டால் அட்டவணையின் எல்லா வரிசைகளும் மாறிவிடும். இதை எழுதும் நானே ஓர் இரவு நிபந்தனையை மறந்து, நாற்பது சோதனைகளின் வெப்பநிலையை ஒரே எண்ணாக ஆக்கிவிட்டேன்! முதல் நாள் எடுத்து வைத்த படியொன்று இருந்ததால் மூன்று மாத உழைப்பு பிழைத்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்த மொழி காட் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. ஆல்பா என்னும் மொழியை அவரே முன்பு வகுத்திருந்தார். ஒரே வரிசை இருமுறை இடம்பெற எஸ்.கியூ.எல். அனுமதித்தது அவருக்குப் பெருங்குறையாகப் பட்டது. கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை வருவதில்லை அல்லவா? உலகம் முழுவதும் அம்மொழியை ஏற்ற பின்னும் அவர் குறை கூறுவதை விடவில்லை. 1985இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற 12 விதிகளில் ஏழாவது, நம் பொருளைப் பற்றியதே: சேர்த்தல், திருத்தல், நீக்கல் ஆகிய மூன்றையும் வரிசை வரிசையாக அன்றி, தொகுதியாகவே செய்ய இயல வேண்டும் என்பது.

1979இல் ஆரக்கிள் என்னும் விற்பனைத் தொகுப்பு எஸ்.கியூ.எல்.லுடன் சந்தைக்கு வந்தது. ஐ.பி.எம். தன் சொந்தத் தொகுப்பை வெளியிட 1981 ஆயிற்று. அதே ஆண்டில் கணிப்பொறி இயலின் தலையாய பரிசான டூரிங் விருது காட் அவர்களைத் தேடி வந்தது. 1984இல் அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். 2003 ஏப்ரல் 18 அன்று, புளோரிடாவில், தம் 79ஆம் வயதில் மறைந்தார்.

நண்பர்களே! நம்முள் பலர் ஆய்வுக் குறிப்புகளை ஐந்தாறு கோப்புகளில் சிதறவிட்டு, எது கடைசித் திருத்தம் என்று விழிக்கிறோம். இன்றிரவு ஒன்று செய்வோம். ஒவ்வொரு செய்திக்கும் ஓரிடம் குறிப்போம். திருத்தும் முன் நிபந்தனையை ஒருமுறை படித்துப் பார்ப்போம். அந்த மேதைக்கு மாணவர்களாகிய நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.