தோட்ட வாசலில் நின்ற தார்ச்சடக்கு: துன் சம்பந்தனின் இரு பணிகள்

பினாங்கிலிருந்து கிளந்தான் செல்லும் நம்மவர்கள் இன்று கிரிக் வழியாகக் காட்டைக் கடந்து சில மணி நேரத்தில் கோத்தா பாரு போய்ச் சேர்கிறார்கள். கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் அந்தக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையின் பணிகள் 1970இல் தொடங்கியபோது, நாட்டின் பொதுப்பணி அமைச்சராக இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன்.

1919 ஜூன் 16ஆம் தேதி பேராக், சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் அவர். தமிழகத்திலிருந்து வந்து ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர் அவருடைய தந்தை வீராசாமி. கோல கங்சாரில் பள்ளிப் படிப்பையும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பையும் முடித்த சம்பந்தன், 1955இல் ம.இ.கா. தலைவரானார். தொழிலாளர், சுகாதாரத் துறைகளுக்குப் பிறகு 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறையை வகித்தார்.

அவை கிராமங்களுக்குச் சாலை போன ஆண்டுகள். எந்தக் கம்பத்திற்குச் சடக்கு வேண்டும், எங்கே பாலம் வேண்டும் என்பதை மாவட்ட வாரியாகச் சிவப்புப் புத்தகத்தில் குறித்துத் திட்டமிட்டது துன் அப்துல் ரசாக்கின் கிராம மேம்பாட்டு அமைச்சு. செம்மண்ணைக் கெட்டிப்படுத்தி, கல் பரப்பி, தார் ஊற்றும் வேலையைச் செய்தது பொதுப்பணித் துறை. நம் மழைக்குத் தார் மட்டும் போதாது. ஓரத்து வடிகாலும் மதகும் அடைபட்டால் தண்ணீர் சாலைக்கடியில் இறங்கி அதைப் பெயர்த்துவிடும். எனவே போட்ட சாலையை ஆண்டுதோறும் பராமரிப்பதும் அத்துறையின் வேலையாக இருந்தது.

ஆனால் அந்தச் சாலை தோட்ட வாசலோடு நின்றது. தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டுத் திட்டம் அதற்குள் நுழையவில்லை. லயத்துக்குப் போகும் செம்மண் சடக்கு தோட்ட நிர்வாகத்தின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது. நாட்டின் பொதுப்பணி அமைச்சர் ஒரு தமிழராக இருந்தும், பால்மரம் வெட்டிய தமிழரின் வீட்டு வாசலுக்கு அரசாங்கத் தார்ச்சாலை வரவில்லை.

அப்போது வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். பாட்டாளிகள் வேலையோடு குடியிருப்பையும் இழந்தார்கள். நிலம் நம்முடையதாக இருந்தால்தான் மற்றவை கிடைக்கும் என்ற நிலையில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார் சம்பந்தன். தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைத் திரட்டினார். மாதம் 10 வெள்ளி கட்டி, 100 வெள்ளிப் பங்கை வாங்கினார்கள் பாட்டாளிகள். அப்படி முதலில் வாங்கப்பட்டது நம் அண்டை மாநிலமான கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.

1973இல் கட்சித் தலைமையிலிருந்து விலகிய அவர், 1979 மே 18ஆம் தேதி காலமானார். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரை அமைச்சராக மட்டும் நினைப்பவர்கள், அந்த 10 வெள்ளியையும் சேர்த்து நினைக்க வேண்டும். அரசாங்கச் சாலை நின்ற இடத்திலிருந்து மக்களை அழைத்துச் சென்றது அதுதான்.